ஹெய்க், ஜேபெக், டிஃப்: சேர்ந்துபோன படங்களை எல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி இது: பல ஆண்டுகளாகச் சேர்ந்த சில ஆயிரம் படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. பழைய டிஜிட்டல் கேமராவின் ஜேபெக் கோப்புகள், ஐபோன் தரும் ஹெய்க் (ஹெச்.ஈ.ஐ.சி.) கோப்புகள், பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்த டிஃப் கோப்புகள், இடையிடையே பிஎன்ஜி. எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும், தரம் குறையக் கூடாது. பிஎன்ஜியாக மாற்றினால் தரம் கூடும் என்கிறார்களே, உண்மையா? ஓர் இலவச மென்பொருளில் முயன்று பார்த்தபோது எல்லாப் படங்களும் இன்றைய தேதிக்கு வந்துவிட்டன, சில படங்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. ஏன்? மாற்றி முடித்ததும் பழைய கோப்புகளை அழித்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழிக்க வேண்டாம். இதை எச்சரிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. கீழே வரும் அத்தனையும் இந்த ஒரு முடிவைச் சார்ந்தே நிற்கிறது. மூலக் கோப்பு கையில் இருந்தால், மாற்றத்தில் என்ன பிழை நேர்ந்தாலும் அது ஒரு மாலை நேர வேலையோடு போய்விடும். மூலம் இல்லாவிட்டால் அதே பிழை நிரந்தரமாகிவிடும். ஆகவே 'என் படங்களை எந்த வடிவத்துக்கு மாற்றுவது?' என்று கேட்பதைவிட, 'எந்தக் காரியத்துக்கு, எந்தப் படங்களின் நகல், எந்த வடிவத்தில் வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டால் பாதிக்கு மேற்பட்ட கோப்புகளை மாற்றவே தேவையில்லை என்பது தெரிந்துவிடும்.

பிஎன்ஜி விஷயத்துக்கு வருவோம். இந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறது, கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றுகிறது. பிஎன்ஜி இழப்பில்லாத வடிவம், ஜேபெக் இழப்புள்ள வடிவம், எனவே ஜேபெக்கைப் பிஎன்ஜியாக்கினால் நல்லதுதானே என்ற கணக்கு. ஆனால் ஜேபெக்கில் இழப்பு நேர்வது சேமிக்கும் அந்த நொடியில். படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெல்லிய, முரட்டு அலைகளின் கூட்டாகக் கணக்கிட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாறுபாடுகளைத் தோராயமாக்கி எழுதுகிறது ஜேபெக். நிற விவரத்தைப் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. நம் கண் ஒளியின் வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிறத்தின் வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால் இந்தத் தந்திரம் எடுபடுகிறது. அப்படித் தோராயமாக்கியதில் கழிந்தது கழிந்ததுதான். அதன் பிறகு பிஎன்ஜியாக்கினால், ஏற்கெனவே குறைந்துபோன படத்தை மிகத் துல்லியமாகப் பாதுகாக்கிறீர்கள், அவ்வளவே. கோப்பின் அளவு மட்டும் பல மடங்காகும். 4032க்கு 3024 பிக்சல் கொண்ட சாதாரணக் கைபேசிப் படம் ஒன்றைச் சுருக்காமல் எழுதினால், பிக்சலுக்கு 3 பைட் வீதம் 3 கோடியே 65 லட்சம் பைட்டுக்கு மேல் வரும். பிஎன்ஜி அதை ஓரளவு சுருக்கும், ஆனால் புகைப்படங்களில் அதன் கைவரிசை அதிகம் செல்லாது. ஒரே நிறம் பரந்திருக்கும் திரைப்பிடிப்பு, வரைபடம், எழுத்துள்ள படம் போன்றவற்றில்தான் பிஎன்ஜி சிறந்து விளங்கும். 1996-இல் அது வந்ததே ஜிஃப் வடிவத்துக்கு மாற்றாகத்தான், ஜேபெக்குக்குப் போட்டியாக அல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜேபெக்கை மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு சேர்கிறது. 100 என்ற தர எண்ணைக் கொடுத்தாலும் முழுமையாக இழப்பற்றதாகிவிடாது. ஆனால் திறந்து பார்ப்பதாலோ, நகலெடுப்பதாலோ, பெயர் மாற்றுவதாலோ எதுவும் குறையாது. 'படத்தை அடிக்கடி திறந்தால் தேய்ந்துவிடும்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆகவே உங்கள் குவியலில் பழைய கேமராவின் ஜேபெக் கோப்புகள் இருக்கிறபடியே இருக்கட்டும். அவை எங்கும் திறக்கும், இன்னும் பல காலம் திறக்கும். அவற்றை எதற்கு மாற்றினாலும் நட்டம்தான்.

ஸ்கேன் செய்த டிஃப் கோப்புகளும் இருக்கட்டும். அவை உங்கள் டிஜிட்டல் நெகட்டிவ் மாதிரி. ஒரு நிறத்துக்கு 16 பிட் ஆழத்தில் ஸ்கேன் செய்திருந்தால், மங்கிப்போன பழைய படத்தின் நிறத்தை என்றாவது ஒருநாள் மீட்டெடுக்க அந்த ஆழம் கைகொடுக்கும். ஜேபெக் 8 பிட்டோடு நின்றுவிடும். இடம் போதவில்லை என்றால் டிஃப் கோப்பையே எல்இசட்டபிள்யூ அல்லது ஜிப் முறையில் இழப்பில்லாமல் சுருக்கிக்கொள்ளலாம், வடிவம் மாறத் தேவையில்லை. 16 பிட் கோப்புகளுக்கு ஜிப் முறையே மேல். எல்இசட்டபிள்யூ சில நேரம் கோப்பைப் பெரிதாக்கிவிடும். உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் ஜேபெக் நகல் எடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. டிஃப் கோப்பு பல பக்கங்கள் கொண்டதாக இருக்கலாம், சில ஸ்கேனர்கள் அடுத்தடுத்து வைத்த படங்களை ஒரே கோப்பில் அடுக்கிவிடும். அதை ஜேபெக்காக மாற்றும்போது சில மென்பொருள்கள் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வாய்மூடி இருந்துவிடும். ஒரு டிஃப் கோப்பு அதன் கூட்டாளிகளைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், உள்ளே எத்தனை பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

பிஎன்ஜி கோப்புகளில் பெரும்பாலானவை திரைப்பிடிப்புகளாக இருக்கும். அவற்றை ஜேபெக்காக்கினால் எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். பின்னணி இல்லாத லோகோ போன்றவை இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை என்பதால் அந்தப் பகுதி பல மென்பொருள்களில் கறுப்பாகிவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பின்னணி நிறம் வெள்ளை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எஞ்சுவது ஹெய்க். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஆப்பிள் இதைத் தன் கேமராவின் வழக்கமான வடிவமாக்கியது. ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்கமுறையை நிலைப்படத்துக்குப் பயன்படுத்துவதால், ஏறத்தாழ அதே தரத்தில் ஜேபெக்கின் பாதி அளவுக்குக் கோப்பு சிறுத்துவிடுகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல வடிவம்தான். சிக்கல் காப்புரிமையில் இருக்கிறது. ஹெச்இவிசிக்கு உரிமக் கட்டணம் உண்டு என்பதால் பல மென்பொருள்களும் கணினிகளும் அதை இயல்பாகத் திறப்பதில்லை, விண்டோஸில் கூடுதல் நீட்டிப்பு நிறுவ வேண்டியிருக்கிறது. ஆகவே பிறருக்குக் கொடுக்க ஹெய்க் படங்களின் ஜேபெக் நகல் தேவைப்படுவது நியாயமே.

ஆனால் நகல் என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஹெய்க் கோப்புக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. போர்ட்ரெய்ட் முறையில் எடுத்திருந்தால், எது அருகில், எது தூரத்தில் என்று குறிக்கும் ஆழ வரைபடம் தனியாக உள்ளே இருக்கும். வெளிச்சமான பகுதிகளை நல்ல திரையில் பளிச்செனக் காட்ட உதவும் துணைப்படம் ஒன்றும் இருக்கக்கூடும். பெரும்பாலான மாற்றும் கருவிகள் இவற்றை உதறிவிட்டு முதன்மைப் படத்தை மட்டும் எழுதும். லைவ் போட்டோ என்றால் ஹெய்க் கோப்புக்குத் துணையாக எம்ஓவி வீடியோ ஒன்று இருக்கும், ஹெய்க் கோப்பை அழித்துவிட்டால் அந்த ஜோடி உடைந்துவிடும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: கைபேசியிலேயே திருத்திய படங்களை மாற்றாமல் மூலக் கோப்புகளாகவே கணினிக்கு நகலெடுத்தால், திருத்தாத மூலம் ஒரு கோப்பாகவும், எண்ணுக்கு முன் 'E' என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த பெயரோடு திருத்திய வடிவம் இன்னொரு கோப்பாகவும், ஏஏஇ என்ற நீட்சியில் (கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) திருத்தக் குறிப்பு மூன்றாவதாகவும் வருவதுண்டு. கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், நீங்கள் வெட்டி ஒழுங்குபடுத்திய படமும் வெட்டாத படமும் அருகருகே நிற்கும். எது எதுவென்று பிறகு குழம்ப வேண்டியதுதான்.

இனி நீங்கள் கண்ட கோளாறுகள். சாய்ந்த படங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காரணம் சுவையானது. கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் சாய்த்துப் பிடித்தாலும் உணரி ஒரே வரிசையில்தான் பிக்சல்களைத் தருகிறது. கேமரா அவற்றைத் திருப்பி எழுதாமல், 'இதைக் காட்டும்போது இத்தனை பாகை திருப்பிக் காட்டு' என்று எக்சிஃப் விவரத்தில், அதாவது படத்தோடு கோப்புக்குள் கேமரா எழுதும் குறிப்புகளில், ஓர் எண்ணை மட்டும் எழுதி வைக்கிறது. 1 முதல் 8 வரையான எண்கள் அதற்கு உண்டு. 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலஞ்சுழியாக 90 பாகை திருப்பு, 3 என்றால் தலைகீழாக்கு. மாற்றும் மென்பொருள் அந்த எண்ணைக் கவனியாமல் பிக்சல்களை மட்டும் எடுத்து, எக்சிஃப் விவரத்தைத் தூக்கி எறிந்தால் படம் படுத்துவிடும். அதைவிடக் குறும்பான கோளாறு ஒன்று உண்டு: மென்பொருள் பிக்சல்களைச் சரியாகத் திருப்பிவிட்டு, எக்சிஃப் எண்ணை 6 ஆகவே விட்டுவிடும். பார்க்கும் செயலி மறுபடியும் ஒரு முறை திருப்பும், நிமிர்ந்த படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஹெய்க்கில் இது அடிக்கடி நேர்கிறது. அந்த வடிவத்தில் திருப்பும் கட்டளை கோப்பின் சொந்தக் கட்டமைப்பிலேயே தனியாக எழுதப்பட்டிருக்கிறது, எக்சிஃபில் இருக்கும் எண் வெறும் தகவலுக்குத்தான். இரண்டையும் நம்பிச் செயல்படும் கருவி ஒரே படத்தை இருமுறை திருப்புகிறது. பிக்சலைத் திருப்பினால் எண்ணை 1 ஆக்க வேண்டும், எண்ணை வைத்திருந்தால் பிக்சலைத் தொடக் கூடாது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் தேர்வு நல்ல கருவிகள் எல்லாவற்றிலும் 'தானாகத் திருப்பு' என்ற பொருள்படும் பெயரில் இருக்கும்.

ஒரு சிறிய துணைக்குறிப்பு. ஏற்கெனவே ஜேபெக்காக உள்ள படத்தைத் திருப்ப மட்டும் வேண்டுமென்றால் மறுபடி சுருக்கத் தேவையே இல்லை. ஜேபெக்கின் கட்டங்களை உள்ளபடியே இடம் மாற்றி, இழப்பின்றித் திருப்பும் வழி இருக்கிறது. ஜேபெக்டிரான் என்ற பழைய கருவி அதற்காகவே இருக்கிறது, இர்ஃபான்வியூவிலும் இந்த வசதி உண்டு. படத்தின் அகலமும் உயரமும் 8 அல்லது 16-இன் மடங்காக இல்லாவிட்டால் ஓரத்தில் சில பிக்சல்கள் மட்டும் தகராறு செய்யும்.

தேதிக்கு வருவோம். ஒரு படத்துக்கு இரண்டு வகைத் தேதிகள் உள்ளன. ஒன்று எக்சிஃபில் கேமரா எழுதிய, படம் எடுத்த நேரம். மற்றது கோப்பு எப்போது உருவானது, எப்போது திருத்தப்பட்டது என்று கணினி வைத்திருக்கும் நேரம். மாற்றும்போது புதிய கோப்பு உருவாகிறது, எனவே கணினி இன்றைய தேதியைப் போடுவது இயல்பே. எக்சிஃப் விவரம் பத்திரமாக நகலாகியிருந்தால் உங்கள் தேதி எங்கும் போய்விடவில்லை. படத் தொகுப்புச் செயலிகள் எக்சிஃப் தேதியைத்தான் முதலில் பார்க்கும், கோப்புறையில் வரிசைப்படுத்தும்போது மட்டும் குழப்பமாகத் தெரியும். எக்சிஃபும் போயிருந்தால்தான் உண்மையான இழப்பு. ஆகவே பதறுவதற்கு முன், மாற்றிய படம் ஒன்றின் பண்புகளைத் திறந்து 'எடுத்த தேதி' இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்த படங்களில் எக்சிஃப் தேதியே இருக்காது, இருந்தாலும் ஸ்கேன் செய்த நாளைத்தான் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது கோளாறு ஒன்று உண்டு. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை, ஒருவேளை கண்ணில் படாமல் இருக்கலாம். ஐபோன் 7 வந்த 2016 முதல் அந்தக் கைபேசிகள் டிஸ்பிளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் (எந்தெந்த நிறங்களைக் குறிக்க முடியும் என்ற வரம்பு) படங்களை எழுதுகின்றன. பழைய கணினிகளும் இணையமும் பழகியது எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிறவெளி. எந்த நிறவெளியின் கணக்கில் எண்கள் எழுதப்பட்டுள்ளன என்பதைக் கோப்புக்குள் இருக்கும் நிறக்குறிப்பு சொல்லும். 'கோப்பைச் சிறிதாக்க எல்லா மெட்டாடேட்டாவையும் (எக்சிஃப் போன்ற துணை விவரங்களை) நீக்கு' என்ற தேர்வைப் போட்டால், பல கருவிகளில் எக்சிஃபோடு சேர்ந்து இந்த நிறக்குறிப்பும் போய்விடும். எண்கள் அப்படியே இருக்கும், ஆனால் பார்ப்பவர் அவற்றை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்வார். சிவப்புகள் சோர்ந்துவிடும், தோல் நிறம் வெளிறிவிடும். படம் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'ஏதோ உயிரில்லை' என்பார்கள். இரண்டு தீர்வுகள் உள்ளன. நிறக்குறிப்பைப் படத்தோடு வைத்திருப்பது ஒன்று, மாற்றும்போதே எஸ்ஆர்ஜிபிக்கு முறையாகக் கணக்கிட்டு மாற்றிவிடுவது மற்றொன்று. பலருக்கும் அனுப்பப்போகும் நகல் என்றால் நான் இரண்டாவதையே தேர்வேன்.

தர எண்ணைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 85 முதல் 92 வரை எங்காவது வையுங்கள், பொதுவாக 90. அதற்கு மேல் போனால் கோப்பு வேகமாகப் பெருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஆதாயம் அதற்கேற்ப வராது. இந்த எண் சதவீதம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மென்பொருளின் 80-உம் இன்னொன்றின் 80-உம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஃபோட்டோஷாப்பில் 0 முதல் 12 வரையான அளவுகோலே இருக்கிறது. வெப்பி என்ற இணையப் பட வடிவத்தின் 80-ஐ ஜேபெக்கின் 80-உடன் ஒப்பிடுவது பயனற்றது. சிவப்பு எழுத்தோ மெல்லிய நிறக்கோடுகளோ உள்ள படமென்றால் நிற விவரத்தைப் பாதியாக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். இமேஜ்மேஜிக்கில் தர எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தானாகவே அணைந்துவிடும்.

எனக்கு மிக அச்சம் தருவது மேலே சொன்ன எதுவும் அல்ல, கோப்புப் பெயர்தான். நிறம் மங்கினால் மறுபடி மாற்றலாம். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் எழுதப்பட்டுவிட்டால் யாருக்கும் தெரியாமலேயே அது போய்விடும். கேமராக்கள் பின்பற்றும் பொது விதிப்படி கோப்புப் பெயரில் நான்கு இலக்கங்கள்தான், 0001 முதல் 9999 வரை. அது முடிந்ததும் மறுபடி 0001. ஆகவே பல ஆண்டுப் படங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும்வரை சிக்கலில்லை. அவை எல்லாவற்றையும் மாற்றி ஒரே கோப்புறையில் கொட்டும்படி கருவிக்குச் சொன்னால், பின்னால் வருவது முன்னால் வந்ததை விழுங்கும். ஒரே கோப்புறைக்குள்ளும் இது நடக்கலாம். ஒரே பெயரில் ஒரு ஹெய்க்கும் ஒரு பிஎன்ஜியும் இருந்து இரண்டையும் ஜேபெக்காக்கினால் இரண்டுக்கும் ஒரே பெயர்தானே வரும்? எனவே இரண்டு ஏற்பாடுகளைச் செய்யாமல் தொடங்காதீர்கள். வெளியீடு எப்போதும் வேறொரு கோப்புறைக்குப் போக வேண்டும், மூலத்தின் கோப்புறை அமைப்பு அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். அதே பெயரில் கோப்பு இருந்தால் மேலெழுதாமல் பெயரை மாற்று என்ற தேர்வு போட்டிருக்க வேண்டும். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் பெயரின் முன்னால் சேர்த்துவிடுங்கள், ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்ற வரிசையில். அப்போது பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும்.

கருவிகள். கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் கட்டளை வரி பழக்கமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது எக்ஸ்என்கன்வர்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். உள்ளீடு, செயல்கள், வெளியீடு என்று தாவல்கள் தெளிவாக இருக்கும். மெட்டாடேட்டாவைப் பாதுகாப்பது, கோப்பின் பழைய தேதியைப் பாதுகாப்பது, கோப்புறை அமைப்பைக் காப்பது, பெயர் மோதினால் என்ன செய்வது ஆகியவை எல்லாம் வெளியீட்டுப் பகுதியிலேயே இருக்கின்றன. நான் மேலே புலம்பியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு டிக் போதும். விண்டோஸில் மட்டும் வேலை என்றால் இர்ஃபான்வியூ. 1996 முதல் இருந்துவரும் சிறிய, மின்னல் வேக மென்பொருள். பி விசையை அழுத்தினால் மொத்த மாற்றச் சாளரம் திறக்கும். அந்தச் சாளரம் பார்க்கப் பழைய காலத்து விமானியறை போல் பொத்தான்களால் நிறைந்திருக்கும், அஞ்ச வேண்டாம். ஹெய்க் திறக்க மட்டும் அதன் கூடுதல் செருகுநிரல் தேவைப்படும்.

மேக்கில் எதையும் நிறுவவே வேண்டாம். ஃபைண்டரில் படங்களைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினால் விரைவுச் செயல்களில் படத்தை மாற்றும் வசதி இருக்கிறது, 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து. மெட்டாடேட்டாவை வைத்துக்கொள்ளும் தேர்வு அந்தச் சிறு பெட்டியிலேயே உண்டு. பிரிவியூ செயலியிலும் பல படங்களை ஒன்றாகத் திறந்து ஏற்றுமதி செய்யலாம். கட்டளை வரியில் சிப்ஸ் என்ற கருவி மேக்குடனேயே வருகிறது.

ஆயிரக்கணக்கில் என்றால், அதுவும் மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை என்றால், இமேஜ்மேஜிக் கற்றுக்கொள்வது பலன் தரும். ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் பிறகு அதே வரிதான். ஆனால் கூரிய கத்தி. அதில் மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை இருக்கிறது, மொத்தமாக மாற்ற அதைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். வெளியீட்டு வடிவத்தையோ வேறு கோப்புறையையோ சொல்லாமல் அதை இயக்கினால், மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். உறுதியா என்று ஒரு வார்த்தை கேட்காது. அளவைச் சிறிதாக்கப்போய் ஒரு கோப்புறை முழுவதும் சிறுபடங்களாகிப்போன கதைகள் ஏராளம். எப்போதும் வெளியீட்டுக் கோப்புறையைக் குறிப்பிடும் பாத் என்ற தேர்வோடு மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, விண்டோஸில் கன்வர்ட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது, அது வட்டின் கோப்பு முறைமையை மாற்றுவது, படத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அந்தப் பெயரைத் தட்ட வேண்டாம், இமேஜ்மேஜிக் 7-இல் தொடக்கக் கட்டளை மேஜிக் என்பதுதான். லினக்ஸில் செய்பவர்கள் நீட்சியின் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைக் கவனிக்க வேண்டும். சிறிய எழுத்தில் தேடினால் ஐபோன் பெரிய எழுத்தில் எழுதியவை எதுவும் அகப்படாது, கருவியும் 'முடிந்தது' என்று சொல்லிவிடும்.

கேமராவின் ரா கோப்புகள் இருந்தால் அவற்றை இந்தக் கருவிகளிடம் கொடுக்காதீர்கள். ரா என்பது உணரியின் கச்சாப் பதிவு, அதிலிருந்து படத்தை உருவாக்குவதில் வெள்ளைச் சமன்பாடு முதல் இரைச்சல் நீக்கம் வரை பல தீர்மானங்கள் உண்டு. டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன, அவற்றிலும் மொத்தமாக ஏற்றுமதி செய்யலாம்.

இணையத்தில் படத்தைப் பதிவேற்றி மாற்றித் தரும் தளங்கள் ஏராளம். ஒன்றிரண்டு படத்துக்குச் சரி. குடும்பப் படங்களை, உள்ளே இருப்பிடத் தகவலோடு, முன்பின் தெரியாத சர்வருக்கு ஆயிரக்கணக்கில் அனுப்புவதற்கு எந்த அவசியமும் இல்லை.

சிலர் ஹெய்க் கோப்பின் நீட்சியை ஜேபிஜி என்று திருத்திவிட்டு மாற்றியாகிவிட்டது என்பார்கள். பெயர் மாறினால் உள்ளடக்கம் மாறாது. நிரல்கள் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே வடிவத்தை அறிகின்றன. பிஎன்ஜி கோப்பின் இரண்டாவது பைட்டிலிருந்து அந்த மூன்று எழுத்துகளே எழுதியிருக்கும். இப்படிப் பெயர் மட்டும் மாறிய கோப்புகள் உங்கள் குவியலிலும் ஒளிந்திருக்கலாம். மொத்த மாற்றத்தின்போது 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று பிழை வந்தால், பல நேரங்களில் சேதம் எதுவும் இல்லை, வேறு வடிவம் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. இர்ஃபான்வியூ இதைக் கண்டுபிடித்து நீட்சியைத் திருத்தவா என்று கேட்கும்.

வெப்பி, ஏவிஐஎஃப், ஜேபெக் எக்ஸ்எல் ஆகிய புதிய வடிவங்களைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். 2010-இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி இணையப் பக்கங்களுக்கு நல்லது, ஆனால் ஒரு பக்கம் 16,383 பிக்சலுக்கு மேல் போகாது, நீண்ட பனோரமா அதில் அடங்காது. ஏவிஐஎஃப் மிகச் சிறிதாகச் சுருக்கும், சுருக்க நேரமும் அதற்கேற்ப எடுக்கும். ஜேபெக் எக்ஸ்எல் எனக்குப் பிடித்த வடிவம். பழைய ஜேபெக் கோப்பை ஏறத்தாழ 20 சதவீதம் சுருக்கி வைத்து, வேண்டும்போது பைட் பிசகாமல் அதே ஜேபெக்கைத் திருப்பித் தரும் திறன் அதற்கு உண்டு. ஆனால் எந்தக் கணினியிலும் கவலையின்றித் திறக்கும் நிலைக்கு அது வரவில்லை. ஹெய்க் திறக்கவில்லை என்று வந்தவருக்கு இதைப் பரிந்துரைப்பது நியாயமாகாது.

ஆகவே நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் முதலில் வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். ஹெய்க், டிஃப் கோப்புகளை மட்டும் தேர்ந்து, அவற்றில் வெவ்வேறு வகையில் இருபது முப்பதை ஒரு சோதனைக் கோப்புறையில் வையுங்கள். நிமிர்த்தி எடுத்தது, தலைகீழாக எடுத்தது, போர்ட்ரெய்ட், பனோரமா, கைபேசியில் திருத்தியது, பல பக்க டிஃப் எல்லாம் அதில் இருக்கட்டும். மாற்றிப் பார்த்து, திசை, தேதி, நிறம் மூன்றையும் மூலத்தோடு அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த அமைப்பைச் சேமித்துக்கொண்டு முழுவதையும் ஓடவிடுங்கள். முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், பிறகு அளவு வாரியாக வரிசைப்படுத்தி மிகச் சிறியவற்றைத் திறந்து பாருங்கள். பாதியில் நின்றுபோன மாற்றங்கள் பூஜ்ய பைட்டாகவோ, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ அந்த முனையில்தான் கிடக்கும்.

இனிமேல் எடுக்கும் படங்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், ஐபோனின் அமைப்புகளில் கேமரா, அதில் வடிவங்கள் என்ற பகுதிக்குப் போய் 'அதிக இணக்கமானது' என்று பொருள்படும் தேர்வை வைத்தால் நேரடியாக ஜேபெக்கில் எடுக்கும். இடம் கூடுதலாகப் போகும். நான் ஹெய்க்கிலேயே எடுத்து, பிறருக்குக் கொடுக்கும்போது மட்டும் மாற்றும் கட்சி. கணினிக்கு நகலெடுக்கும்போது மூலத்தையே அனுப்பு என்ற தேர்வு புகைப்படங்கள் பகுதியில் இருக்கிறது. தானாக மாற்றி அனுப்பும் தேர்வு பெரிய குவியல்களில் பாதியில் நின்றுவிடுவதுண்டு, அப்போதும் இதை மாற்றிப் பாருங்கள்.

நீங்கள் ஏற்கெனவே மாற்றிவிட்ட கோப்புகளுக்கு: மூலம் இன்னும் இருக்கிறது என்றால் அந்த மாற்றிய கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே எளிது. மூலத்தில் சிலவற்றை அழித்துவிட்டிருந்தால், அந்தப் படங்களுக்கு மட்டும் எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவியை நாடுங்கள். மாற்றிய கோப்பில் எக்சிஃப் தேதி இருந்தால், அதை எடுத்து கோப்பின் தேதியாக எழுத ஒரே கட்டளை போதும், கோப்புறை முழுவதற்கும் ஒரே ஓட்டத்தில் நடக்கும். சாய்ந்துவிட்டவற்றில் பிக்சல்கள் சரியாக இருந்து எக்சிஃபின் திசை எண் மட்டும் தவறு என்றால், அந்த எண்ணை 1 ஆக்குவதும் அதே கருவியால் முடியும், படத்தின் தரம் இம்மியும் குறையாது. எக்சிஃப் தேதியே இல்லாதவற்றுக்கு, அதே நாளில் எடுத்த பக்கத்துப் படங்களின் வரிசை எண்ணைப் பார்த்துத் தோராயமான தேதியைக் கையால் எழுத வேண்டியதுதான். அப்படி எழுதியவற்றைத் தனிக் கோப்புறையில் வையுங்கள். எது கேமரா எழுதிய தேதி, எது நீங்கள் ஊகித்த தேதி என்பது பிறகு தெரிய வேண்டும்.